கூடாரத்துக் கோப்பி: கொழும்பிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

மலைக்குப் போய் வந்தவர்களிடம் கூடாரத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். கோப்பியைப் பற்றிக் கேட்டால் மட்டும் “ஏதோ சூடாக இருந்தது” என்பதோடு கதை முடிந்துவிடும். பழியை அடுப்பின் மேலும் காற்றின் மேலும் போடுவதுதான் வழக்கம். ஆனால் அந்தக் கோப்பி பெரும்பாலும் மலையில் கெடுவதில்லை. புறப்படுவதற்கு முதல் நாள், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு குசினியிலேயே கெட்டுவிடுகிறது.

முதலில் தூள். எங்கள் வீடுகளில் இருக்கும் கோப்பித்தூள் நன்றாக அரைபட்ட மெல்லிய தூள். சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கி, மண்டி அடியில் தங்கியதும் மேலாகக் குடிக்கிற பழக்கத்துக்கு அது சரி. அதே தூளை பிரெஞ்ச் பிரஸ்ஸில், அதாவது ஊறிய தூளை வலைத்தட்டால் கீழே அழுத்திவிட்டு ஊற்றும் குவளையில் போட்டால் வலையைத் தாண்டி மண்டி வாய்க்குள் வரும். காகித வடியில் போட்டால் தண்ணீர் இறங்காமல் அடைத்துக்கொண்டு நிற்கும், இறங்கி முடிவதற்குள் கசப்பு ஏறிவிடும். பிறகு “இந்தச் சாமான் சரியில்லை” என்று அடுத்த சாமானை வாங்கப் போவோம். எதில் போடப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அரைப்பித்தால் இந்தச் செலவே இல்லை. பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கும் பாத்திரத்தில் ஊறவைப்பதற்கும் பெரிய ரவைப் பருமன் வேண்டும். காகித வடிக்குச் சீனி மணி அளவு, அடுப்பில் வைத்து ஆவியின் அழுத்தத்தால் கோப்பி இறக்கும் மோக்கா பொட்டுக்கு அதைவிடச் சற்று மெல்லிசு. மல்லியும் சுக்கும் சேர்த்து அரைத்த தூள்தான் கைவசம் இருக்கிறது என்றால் வடி, பிரஸ் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். அது கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டியது, குளிருக்கு அதைப்போல ஒன்று கிடையாது.

மில்லில் கொடுத்து அரைப்பிப்பவர்கள் உங்களுக்கு முன்னால் யார், என்ன அரைத்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிளகாய் அரைத்த கையோடு அரைத்துத் தந்த கோப்பி எந்த மலையிலும் ருசிக்காது. கையால் சுற்றும் சின்ன அரைவை ஒன்று இருந்தால் கொட்டையாகவே கொண்டுபோகலாம். அரைத்த தூளின் வாசம் சீக்கிரம் போய்விடும், கொட்டையில் அது தாங்கும்.

அடுத்தது அளவு. வீட்டில் ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி போட்டுப் பழகிய கை அங்கேயும் அதையே போடும். வடித்துக் குடிக்கும் கோப்பிக்கு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் தூள் என்பது நம்பக்கூடிய கணக்கு. 250 மில்லி கோப்பை ஒன்றுக்கு 15 கிராம், அதாவது மேசைக்கரண்டியால் மட்டமாக மூன்று. இருட்டில், குளிரில், டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இதையெல்லாம் அளக்க முடியாது. குசினித் தராசில் நிறுத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். பொட்டலம் என்றதும் பொலித்தீன் பைகளைத் தேட வேண்டாம். மலைநாட்டு ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்கா வாசலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். காகிதத்தில் மடித்து, இறுக்கமாக மூடும் தகரப் பேணி ஒன்றுக்குள் அடுக்கினால் மலையின் ஈரமும் உள்ளே போகாது.

தூளை மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் ஒரு தவறு. அந்த மலைகள் ஒரு காலத்தில் கோப்பி மலைகள்தான். 1869இல் இலைத்துரு நோய் வந்து தோட்டங்களை விழுங்கிய பிறகு எல்லாம் தேயிலையாகிவிட்டது. தோட்டத்துக் கடைகளில் பெரும்பாலும் சின்னப் பைக்கற்றில் இன்ஸ்டன்ட்தான் கிடைக்கும்.

அப்புறம் காஸ். சின்ன அடுப்புகளுக்கு எங்கும் கிடைக்கும் மலிவான டின்களில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது உறைநிலைக்குப் பக்கத்தில் வந்தால் ஆவியாகாமல் அடங்கிவிடும். கொழும்பில் சீறி எரிந்த அடுப்பு விடியற்காலை ஹோட்டன் சமவெளியில் மெழுகுதிரிபோல முனகுவது இதனால்தான். இரவில் டின்னைத் தூங்கும் பைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த டின்னாகப் பார்த்து வாங்குங்கள். டின்னை நெருப்பில் காட்டிச் சூடாக்குவதும், காற்று அடிக்கிறதென்று அடுப்பையும் டின்னையும் சேர்த்துத் தகட்டால் சுற்றி மூடுவதும் உயிரோடு விளையாடுகிற வேலை, டின் சூடேறி வெடிக்கும். காற்றுக்குப் பாறையின் மறைவே போதும். மழை வந்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். அடுப்பிலிருந்து வரக்கூடிய கார்பன் மொனொக்சைட் உயிரை எடுக்கும் நச்சு வாயு, அதற்கு மணம் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: கொதித்த தண்ணீரை உடனே ஊற்றாதே, ஆறவிடு. கொழும்பு, வில்பத்து போன்ற தாழ்ந்த இடங்களில் அது சரி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ விடலாம். ஆனால் உயரம் 300 மீற்றர் கூடக் கூட, கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை குறைகிறது. 2,100 மீற்றரில் இருக்கும் ஹோட்டன் சமவெளியில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதிக்கிறது. கோப்பிக்கு வேண்டிய சூடே அவ்வளவுதான். அங்கேயும் ஆறவிட்டால் ருசி இறங்காமல் புளித்த சாயத் தண்ணீர்தான் மிஞ்சும். மெல்லிய உலோகக் கோப்பை வேறு மிச்சச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும், ஆகவே அதைச் சுடுதண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு ஊற்றுங்கள். ஓடைத் தண்ணீர் என்றால் கதை வேறு. கோப்பிக்குப் போதும் என்று நினைக்கிற கொதி கிருமிக்குப் போதாது. 2,000 மீற்றருக்கு மேலே மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும், கீழே ஒரு நிமிடம். அநுராதபுரம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, கோப்பியை மந்தமாக்கிவிடும். அந்தப் பக்கம் போகும்போது கோப்பிக்கென்று ஒரு போத்தல் தண்ணீரைத் தனியாக எடுத்துப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி எந்தச் சாமான்? கையால் அழுத்திக் கோப்பி இறக்கும் பிளாஸ்டிக் குழாயான ஏரோபிரஸ் பாரமில்லை, கழுவுவதும் சுலபம், ஒருவர் இருவருக்கு நல்லது. கண்ணாடிப் பிரெஞ்ச் பிரஸ்ஸை முதுகுப்பையில் வைப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நான்கைந்து பேர் போனால் என் வாக்கு மூடியுள்ள பாத்திரத்துக்கும் ஒரு துண்டு வெள்ளைப் பருத்தித் துணிக்கும்தான்.

இதிலும் தவறு நடக்கும், அதிகம் நடப்பது தூளைப் போட்டுக் கொதிக்கவிடுவது. சாதாரணக் கோப்பித்தூளை அப்படிக் கொதிக்கவிட்டால் காட்டமும் கசப்பும்தான் வரும், வாசம் ஆவியோடு போய்விடும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணையுங்கள். தூளைப் போட்டு, எல்லாத் தூளும் நனையும்படி ஒருமுறை கலக்கி மூடுங்கள். குளிராக இருந்தால் பாத்திரத்தைத் துவாயால் சுற்றிவையுங்கள். நான்கு நிமிடம் கழித்துத் திறந்தால் மேலே ஒரு தடித்த நுரைப் படலம் கட்டியிருக்கும். கரண்டியின் பின்பக்கத்தால் அதை மெல்ல உடைத்துவிடுங்கள், உடைந்ததும் தூள் சரசரவென்று கீழே இறங்குவது தெரியும். இன்னும் ஒரு நிமிடம் கைவைக்காமல் விட்டுவிட்டு, துணி வழியாகச் சரித்து ஊற்றுங்கள். அடியில் ஒரு விரல் உயரம் மிச்சம் இருக்கட்டும். சிக்கனம் பார்த்து அதையும் ஊற்றினால் கடைசிக் கோப்பை வாங்குபவர் உங்களோடு பேசமாட்டார்.

புதுத் துணியை அப்படியே கொண்டுபோகாதீர்கள். கஞ்சிப் பசை போகும்வரை வீட்டில் இரண்டு தரம் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும், சவர்க்காரம் படக்கூடாது. ஈரத்தோடு சுருட்டிப் பையில் திணித்தால் மறுநாள் புளித்த மணம் கோப்பியில் வரும், அதனால் நடக்கும்போது பையின் வெளியே கட்டிக் காயவிடுங்கள்.

பால் வேண்டுமென்றால் பால்மா போதும். நேராகக் கொதிக்கிற கோப்பியில் கொட்டினால் கட்டி பிடிக்கும், ஆறின தண்ணீர் கொஞ்சத்தில் குழைத்துவிட்டுச் சேருங்கள். டின்பால் ருசிதான், ஆனால் திறந்த டின்னை எறும்பிடமிருந்து காப்பாற்றுவது தனி வேலை.

குடித்து முடித்த மண்டி உரம்தானே என்று புதருக்குள் கொட்டுபவர்கள் பலர். சீனியும் பாலும் பட்ட மண்டிக்கு விலங்குகள் வரும். ஹோட்டன் சமவெளி மரைகளுக்கு ஏற்கெனவே மனிதரிடம் பயம் விட்டுப்போய்விட்டது, இன்னும் பழக்க வேண்டாம். துணியோடு பிழிந்து, காலியான பேணியில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

எல்லா மலைக்கும் இந்தக் கட்டு தேவை என்றும் இல்லை. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்கள் அடுப்பும் பாத்திரமும் சுமப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பருவத்தில் வழிநெடுகக் கடைகள் இரவெல்லாம் திறந்திருக்கும். படியில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்துவிட்டு ஏறுங்கள்.