ஜூலையில் காணாமல் போகும் சிவப்புப் பாப்பி

என் முதல் செடியைக் கொன்றது தண்ணீர் ஊற்றித்தான்.

லண்டனின் வடமேற்கு ஓரத்தில், ஹாரோவில் வீடு. பின்தோட்டத்தின் வடக்கு வேலியை ஒட்டி 6 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாத்தி. கோடையில் காலை 9 மணியிலிருந்து மாலை வரை வெயில் அங்கேயே கிடக்கும். வருஷா வருஷம் தானே துளிர்க்கிற செடிகளாக அதில் நட்டு வந்தேன். அதில் ஒன்று ஓரியன்டல் பாப்பி, பியூட்டி ஆஃப் லிவர்மியர் என்ற ரகம். ஜூன் முதல் வாரத்தில் நாலு பூ. விரித்த கையை விடப் பெரியது, ரத்தச் சிவப்பு, அடியில் கறுப்புத் திட்டு. தெருவில் போகிறவர்கள் பார்க்க வழியில்லையே என்று எனக்குக் குறையாகக்கூட இருந்தது.

ஜூலை பிறந்ததும் இலையெல்லாம் மஞ்சளாகி வைக்கோல் மாதிரி சரிந்துவிட்டது. பதறிப்போய் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஆகஸ்டில் தோண்டிப் பார்த்தால் வேரும் இலையும் சேருகிற தலைப்பகுதி கொழகொழவென்று அழுகியிருந்தது. பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அடுத்த ஏப்ரலில் அதே குழியில் ரோமம் முளைத்த குட்டி இலைக்கொத்துகள், எண்ணிப் பார்த்தால் ஏழு. கறிவேப்பிலையை வெட்டினால் வேரிலிருந்து பக்கக்கன்று கிளம்புமே, அதே கதை. மேலே அழுகினாலும் ஆழத்தில் அறுந்து கிடந்த வேர்த்துண்டுகள் ஒவ்வொன்றும் தனிச் செடியாகிவிட்டன.

இந்தச் செடியின் ஊர் எது என்று தெரிந்திருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது. வடகிழக்குத் துருக்கி, காகசஸ், வட ஈரான் மலைச்சரிவுகள்தான் இதன் பிறப்பிடம். பிரெஞ்சுத் தாவரவியலாளர் டூர்ன்ஃபோர் அந்தப் பக்கம் பயணம் போனபோதுதான், 1700-களின் தொடக்கத்தில், இதன் விதை ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது. அங்கே குளிர்காலத்தில் பனி, வசந்தத்தில் ஈரம், கோடையில் காய்ந்த கல்மண். பூத்து முடிந்ததும் வறட்சிக்குப் பயந்து செடி மண்ணுக்குள் ஒடுங்கித் தூங்கும். தூங்குகிறவளை எழுப்பித் தண்ணீர் குடி, குடி என்றால் என்ன ஆகும்? அதைத்தான் நான் செய்தேன்.

சரி, நடுவதற்கு வருவோம். நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேண்டும். குறைந்தது 6 மணி நேரம். நிழலில் வைத்தால் தண்டு வெளிச்சத்தைத் தேடி வளைந்து படுத்துவிடும். அதைவிட முக்கியம் வடிகால். எங்கள் மண் லண்டன் களிமண்; மழையில் பிசைந்த மாவு, கோடையில் ஓடு. ஜனவரியில் அதில் தேங்கும் ஈரம்தான் இந்தச் செடிக்கு எமன், குளிர் இல்லை. உறைபனியை இது சட்டையே செய்யாது. நான் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, 45 சென்டிமீட்டர் ஆழம் கொத்தி, பொடி ஜல்லியும் மக்கிய இலையுரமும் கலந்தேன். ஆழம் ஏன் என்றால் இதற்குக் கேரட் போல நேரே கீழிறங்கும் சதைப்பற்றுள்ள வேர். ஒரு தடவை இறங்கிவிட்டால் இடம் மாற்றுவது அதற்குப் பிடிக்காது. அதனால் இடத்தை முதலிலேயே யோசித்து முடிவு செய்துவிடுங்கள்.

செப்டம்பரிலோ வசந்தத்திலோ நடலாம். தொட்டியில் இருந்த அதே மட்டத்தில் நடவும். செடிக்குச் செடி 60 முதல் 75 சென்டிமீட்டர். சின்னக் கன்றைப் பார்த்து நெருக்கி நட்டுவிடாதீர்கள், மூன்றாம் வருஷம் அது பக்கத்துச் செடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். உரம் விஷயத்தில் கை இறுக்கமாக இருக்கட்டும். ஒரு வருஷம் ஆசைப்பட்டுக் கோழி எருக் குருணை போட்டேன். இலை கீரைப்பாத்தி மாதிரி செழித்தது, தண்டு சோம்பிப்போய் ஜூன் மாத முதல் மழையிலேயே தரையில் விழுந்தது. மார்ச்சில் ஒரு கை கம்போஸ்ட், அவ்வளவுதான்.

முட்டுக்குச்சியை ஏப்ரலிலேயே ஊன்ற வேண்டும். மொட்டு வந்தபிறகு ஊன்றினால் தூக்குக் கயிறு மாட்டியது போல அசிங்கமாக இருக்கும். கிளைவிட்ட ஹேசல் மரக் குச்சிகளைச் சுற்றிலும் நட்டுவிட்டால் இலை வளர்ந்து தானே மறைத்துவிடும். லிவர்மியர் ஒரு மீட்டருக்கு மேல் வளரும், அதற்குக் கட்டாயம். அலெக்ரோ என்ற குட்டை ரகம் அரை மீட்டர்தான், அதற்கு முட்டே வேண்டாம். காற்றடிக்கும் தோட்டம் என்றால் அதையே வாங்குங்கள். துர்க்கென்லூயி ரகத்தின் இதழோரம் கத்திரியால் நறுக்கினது போலிருக்கும். எனக்கு அது ஒட்டவில்லை.

பூக்கிற நாளை மட்டும் தவறவிடாதீர்கள். மே கடைசியில் மொட்டு கோழிமுட்டை அளவு ஆகி, உடம்பெல்லாம் முள்ளுரோமமாக நிற்கும். ஒரு காலையில் பச்சைத் தோல் இரண்டாகப் பிளந்து நடுவே சிவப்புக் கீற்று தெரியும். காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் அந்தத் தோல் கீழே விழுந்திருக்கும். பீரோவில் அழுத்தி மடித்து வைத்த பட்டு போல இதழெல்லாம் சுருக்கம், வெயில் ஏற ஏற அது தானே நீங்கும். தேன் கிடையாது இந்தப் பூவில். ஆனாலும் குண்டு வண்டுத்தேனீக்கள் உள்ளே விழுந்து மகரந்தத்தில் உருளும். வெளியே வரும்போது கால் இரண்டிலும் கருநீல மூட்டை. ஒரு பூ சில நாள்தான் தாங்கும். நன்கு ஊன்றிய செடியில் மொட்டுகள் முன்பின்னாக வருவதால் மூன்று வாரம் ஓடும்.

அப்புறம் ஜூலை. இலை சரிந்ததும் பாத்தியில் விழுகிற பெரிய ஓட்டையை மறைப்பதில்தான் இந்தச் செடி வளர்க்கிறவரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சர்ரேயில் மன்ஸ்டெட் உட் தோட்டத்தை உருவாக்கிய கெர்ட்ரூட் ஜீகில், பாப்பிக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ பூக்கும் ஜிப்சோஃபிலா நட்டு, அதன் வெள்ளை மூட்டத்தை வெற்றிடத்தின் மேல் படரவிட்டார். அது முடிந்ததும் நாஸ்டர்ஷியக் கொடி வந்து மூடிக்கொள்ளும். எனக்கு ஜிப்சோஃபிலா களிமண்ணில் இரண்டு முறை போய்விட்டது. அதனால் பாப்பியைப் பாத்தியின் நடுவரிசைக்குத் தள்ளி, முன்னால் தாமதமாக எழும் ஆஸ்டரையும் ரொசான் ரக ஜெரேனியத்தையும் வைத்தேன். ஜூனில் இரண்டும் குட்டையாக இருந்து பூவைக் காட்டும், ஆகஸ்டில் உயர்ந்து குழியை மறைக்கும். டேலியாவை மட்டும் ஒட்டி வைக்காதீர்கள். அதற்குக் கோடை முழுக்கத் தண்ணீர் வேண்டும், இதற்கு ஆகாது.

இலை மஞ்சளானதும் தரையோடு வெட்டிவிடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. செப்டம்பரில் புது இலை வரும், குளிர்காலம் முழுக்கப் பச்சையாகவே கிடக்கும். களை என்று பிடுங்கிவிட வேண்டாம். அந்தப் பிஞ்சு இலைமேல் ஓடில்லா நத்தைக்கு ஒரு கண் உண்டு. இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவேன்.

பெருக்குவதற்கு வேர்த்துண்டுதான் வழி. விதை போட்டால் தாயைப் போலவே வரும் என்று நிச்சயமில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் என்ஃபீல்டில் நர்சரி வைத்திருந்த ஏமோஸ் பெரிக்கு, சிவப்புச் செடிகளின் நடுவே சால்மன் நிறத்தில் ஒரு நாற்று வந்தது. மிஸஸ் பெரி என்று பெயர் வைத்து விற்றார். அந்த யோகம் எல்லாருக்கும் அடிக்காது. நவம்பரில் செடியோரம் தோண்டி, பென்சில் பருமன் வேரை 8 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். மேல்முனையை நேராக, அடிமுனையைச் சாய்வாக வெட்டுவது என் வழக்கம், இல்லையென்றால் எது தலை எது கால் என்று குழப்பம். ஜல்லி கலந்த மண்ணில் தலை மேலாகச் செருகி, மேலே ஒரு விரற்கடை ஜல்லி தூவி, வெளியே மழை படாத இடத்தில் வைத்தால் வசந்தத்தில் துளிர்க்கும். முருங்கைக் கொம்பு நடுவதை விடச் சுலபம்.

சென்னையில் நடலாமா என்று தங்கை கேட்டாள். வேண்டாம். குளிர்காலம் என்று ஒன்று இல்லாத இடத்தில் காசுக்குக் கேடு.

போன ஜூனில் என் மாமியார் வந்திருந்தார். பூ உதிர்ந்த காயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது கசகசாச் செடிதானே? குருமாவுக்கு ஆகுமா?" என்றார். "இல்லைங்க அத்தை, கசகசா வேற ஜாதி, ஒரே வருஷத்துச் செடி. இது சாப்பிட்டா விஷம்" என்று காயை வாங்கி வைத்துவிட்டேன். நாய், பூனை, குழந்தை இருக்கும் வீட்டில் இதை நினைவில் வையுங்கள்.

ஜாடியில் வைக்க ஆசை என்றால், நிறம் கீற்றாகத் தெரிகிற மொட்டை விடிகாலையில் வெட்டுங்கள். வெட்டின இடத்தில் பால் வடியும், அப்படியே தண்ணீரில் வைத்தால் மதியத்துக்குள் தலை தொங்கிவிடும். அடுப்பைப் பற்றவைத்து, முனை கருகும்வரை பத்துப் பதினைந்து நொடி தீயில் காட்டி, உடனே தண்ணீரில் வையுங்கள். அத்தை சமையலறை வாசலில் நின்று, கத்திரிக்காய் சுடுவது போல நான் பூவைச் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜைவிரிப்பு முழுக்கக் கறுப்புத் தூள், நடுவில் நாலு சிவப்பு இதழ். விரிப்பை நான் வாஷிங் மெஷினில் போடுவதற்குள் அவரே எடுத்துப் போய்க் கொல்லையில் உதறினார்.