26வது தெரு யூதர் ஆலயத்தைப் பார்ப்பது எப்படி

ஊரிலிருந்து பர்மாவின் யாங்கோன் (பழைய ரங்கூன்) வருகிறவர்களை ஷ்வேடகோன் பகோடாவுக்குக் கூட்டிப்போக ஆள் நிறைய உண்டு. 26வது தெரு யூதர் ஆலயம் என்றால் மட்டும் என்னிடம் தள்ளிவிடுகிறார்கள். அந்தத் தெருவை ஒட்டிய பெயின்ட் கடைகளில் கணக்கு எழுதியே காலம் கழித்தவன் நான். வருகிறவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் ஆலயத்துக்குப் போகாதீர்கள். முதலில் பன்சொடான் தெருவும் மெர்ச்சன்ட் தெருவும் சந்திக்கும் மூலைக்குப் போய் சோஃபேர் கட்டடத்தைப் பாருங்கள். 1906இல் எழுந்தது, கட்டியவர் பாக்தாதில் பிறந்த யூதர் ஐசக் சோஃபேர். உள்ளே தரையைக் குனிந்து பாருங்கள், மான்செஸ்டரிலிருந்து கப்பலில் வந்த ஓடு. இந்த மக்கள் யார், எதை நம்பி இங்கே வந்தார்கள் என்பது அந்தத் தரையிலேயே தெரிந்துவிடும். "கொச்சி யூதர்களா?" என்று நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கொச்சியிலிருந்தும் சிலர் வந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் பாக்தாத் வழி வந்த வியாபாரக் குடும்பங்கள், பலருக்குக் கல்கத்தாவில் சொந்தபந்தம். வெள்ளைக்காரன் ஆட்சியில் துறைமுகம் வளர வளர இவர்களும் வளர்ந்தார்கள். நம் செட்டியார்கள் வந்ததும் அதே காற்றில்தான். ரங்கூன் மேயர் நாற்காலியில்கூட ஒரு சோஃபேர் உட்கார்ந்திருக்கிறார்.

அங்கிருந்து மகா பந்தூலா சாலையைப் பிடித்து, சூலே பகோடாவைத் தாண்டி மேற்கே நடங்கள். டாக்ஸி வேண்டாம். வழியில் சூலியா பள்ளிவாசல் வரும். ஒரு சாலை வடக்கே போனால் அனோரத்தா சாலையில் நம் காளி கோயில். எல்லாம் நடக்கிற தூரம்தான். இந்த அக்கம்பக்கத்தைப் பார்க்காமல் ஆலயத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பாதிதான் பார்த்தவர்கள்.

வாசலில் ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும், கைக்குட்டை போதும். சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வுநாள், அன்றைக்கு கேமராவை வெளியே எடுக்காதீர்கள். முதலில் 1854இல் மரத்தால் கட்டியிருந்தார்கள். இப்போது நிற்பது 1893 முதல் 1896 வரை கட்டிய கல் கட்டடம். உள்ளே போனதும் அண்ணாந்து பார்க்கத் தோன்றும், கூரை அவ்வளவு உயரம். அதற்குப் பிறகு நடுவிலுள்ள மேடையைப் பாருங்கள். அவர்கள் வேதமான டோரா சுருளை அதில் விரித்துத்தான் வாசிப்பார்கள். மாடியில் பெண்கள் அமரும் இடம். ஒரு காலத்தில் இங்கே 126 சுருள்கள் இருந்தனவாம். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டும் என்பது அவர்கள் முறை. போருக்கு முன் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் வரை இருந்த சமூகம் இது. இன்று விருந்தாளிகள் வந்தால்தான் அந்தப் பத்து தேறும்.

"ஏன் போய்விட்டார்கள்?" என்று அங்கிருப்பவர்களிடம் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். பதில் உங்கள் தாத்தா கதையிலேயே இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் நம்மவர்கள் காடு மலை தாண்டி நடந்தார்கள். யூதர்களிலும் பெரும்பாலோர் இந்தியாவுக்கே ஓடினார்கள். போர் முடிந்து திரும்பியவர்கள் கொஞ்சம் பேர். அரசுகளுக்குள் உறவு நன்றாகத்தான் இருந்தது: 1955இல் பர்மா பிரதமர் ஊ நூ இஸ்ரேல் போனார், 1961இல் இஸ்ரேல் பிரதமர் பென்குரியன் இங்கே வந்தார். மறுவருடமே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடை கண்ணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, ஐம்பது, நூறு கியாத் நோட்டுகளும் செல்லாமல் போயின. மிச்சம் இருந்தவர்களிலும் பலர் கிளம்பினார்கள். ஆலயத்தைப் பல வருடம் காத்தவர் மோசஸ் சாமுவேல்ஸ், 2015இல் காலமானார்.

நேரம் இருந்தால் 91வது தெருவிலுள்ள கல்லறைத் தோட்டத்துக்கும் போகலாம், ஆலயத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு. பூ வேண்டாம், கல்லறை மேல் ஒரு சிறு கல் வைப்பதே அவர்கள் வழக்கம். விரல்கள் பிரிந்த இரண்டு கைகள் செதுக்கியிருந்தால் புரோகித வம்சம். ஜாடி இருந்தால் லேவியர், அதாவது புரோகிதர்களுக்குத் துணை செய்யும் வம்சம். எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற அட்டவணையை போனில் வைத்துக்கொண்டு, வருடத்தைக் குறிக்கும் எழுத்துகளைக் கூட்டுங்கள். ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம் என்பதால் வருவது மூன்று இலக்கம். அதோடு 1240 சேர்த்தால் நம் வருடம். 656 என்றால் 1896. அவர்கள் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கும். ஆகவே வருடத்தின் முதல் சில மாதங்களுக்கு ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்திலும் பெயர் இருந்தால் கல்லில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே குடும்பப் பெயரைக் கல்லுக்குக் கல் வேறுவிதமாகச் செதுக்கியிருப்பார்கள். நீங்கள் திருத்தி எழுதினால் பிறகு தேடி வரும் பேரப்பிள்ளைக்கு அது உதவாது.