புரோபயாடிக் வாங்குவதற்கு முன்: குடல் பாக்டீரியா விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு உடல் எடையிலும் இரத்தச் சர்க்கரையிலும் பங்கு உண்டு என்று கேள்விப்பட்டவுடன், "அப்படியானால் எந்த பாக்டீரியாவைச் சாப்பிட வேண்டும்?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. பாக்டீரியாவின் பெயரைவிட, அது எதை உண்கிறது, உண்டு என்னென்ன வேதிப்பொருள்களை வெளிவிடுகிறது என்பதே முக்கியம். இவற்றில் மிக அதிகமாக ஆராயப்பட்டவை அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் மூன்று குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். நம் செரிமான நொதிகளால் உடைக்க முடியாத நார்ச்சத்து சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்கு வந்து சேரும்போது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து இந்த அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காட்டைப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. இந்த அமிலங்கள் குடற்சுவரில் உள்ள ஹார்மோன் செல்களைத் தூண்டுவதால், பசியை அடக்கி இன்சுலின் சுரப்புக்கு உதவும் ஜி.எல்.பி-1 போன்ற ஹார்மோன்களும் சுரக்கின்றன.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால், உயிருள்ள நல்ல பாக்டீரியாக்களை அடைத்த புரோபயாடிக் கேப்சூல் ஒன்றைத் தினமும் விழுங்கிவிட்டு நார்ச்சத்தே இல்லாத உணவைத் தொடர்வது ஏன் வீண் என்பது எளிதில் விளங்கும். அடுப்பை வாங்கி வைத்துவிட்டு அரிசி வாங்க மறப்பதற்கு ஒப்பானது அது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான தயாரிப்புகளில் இருப்பவை லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். இவை தாமாகப் பியூட்டிரேட்டை உண்டாக்குவதில்லை. இவை வெளிவிடும் லாக்டிக் அமிலத்தையும் அசிட்டேட்டையும், ஏற்கெனவே குடலில் குடியிருக்கும் வேறு பாக்டீரியாக்கள் எடுத்துப் பியூட்டிரேட்டாக மாற்றுகின்றன. ஃபேகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி அவற்றுள் முக்கியமானது. ஆக்சிஜன் பட்டாலே நலியும் இந்த பாக்டீரியாவை உயிரோடு மாத்திரையில் அடைப்பது கடினம். ஆகவே இந்தக் கூட்டத்தைப் பெருக்க நம் கையில் உள்ள நம்பகமான வழி, நார்ச்சத்தை ஊட்டுவதுதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆனால் நேற்றுவரை மிகக் குறைவாக உண்டவர் இன்றே அந்த அளவுக்குத் தாவினால் வயிறு உப்பி, வாயு தொல்லை தந்து, இரண்டே நாளில் அதைக் கைவிட நேரும். சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, போதிய தண்ணீரும் குடிப்பதே முறை.

அடுத்த தவறு லேபிளைப் பாதியிலேயே படித்து நிறுத்துவது. பாக்டீரியாவின் முழுப் பெயருக்குப் பேரினம், சிற்றினம், திரிபு (சிற்றினத்துக்குள் வரும் உட்பிரிவு) என மூன்று பகுதிகள் உண்டு. "லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ்" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் முதல் இரண்டும்தான் தெரியும்; பின்னால் வரும் "ஜிஜி" என்ற இரண்டெழுத்துதான் திரிபைச் சொல்கிறது, ஆய்வு முடிவுகளும் அந்த இரண்டெழுத்துக்கே உரியவை. ஈ.கோலை என்ற ஒரே சிற்றினத்தில், நிஸ்லே 1917 என்ற திரிபு புரோபயாடிக் மருந்தாகப் பயன்படுகிறது. ஓ157:எச்7 என்ற வகையோ இரத்தக் கழிச்சலையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கக்கூடியது. திரிபின் பெயரைச் சொல்லாத தயாரிப்பு எதற்காக விற்கப்படுகிறது என்பது அதை விற்பவருக்கே வெளிச்சம். லேபிளில் குறிப்பிடும் உயிருள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை தயாரித்த நாளுக்கு உரியதா, காலாவதி நாள் வரை உறுதியளிக்கப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பல கோடி வேறுபாடு வரலாம்.

உயிருள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கூடக் கூடப் பலனும் கூடும் என்பதும் தவறு. அக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்ற பாக்டீரியாவை வைத்து பெல்ஜியத்தில் நடந்து 2019-இல் வெளியான சிறிய ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அதிக எடையும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை) உள்ள 32 பேர் மூன்று மாத ஆய்வை நிறைவு செய்தனர். அவர்களில், பாஸ்ச்சரைசேஷன் முறையில் சூடாக்கிக் கொல்லப்பட்ட அக்கர்மான்சியாவை உண்டவர்களிடம்தான் இன்சுலின் உணர்திறன் தெளிவாக மேம்பட்டது. உயிருள்ளதை உண்டவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள ஒரு புரதம் சூடாக்கிய பிறகும் வேலை செய்வது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் 32 பேரைக் கொண்ட ஆய்வை வைத்து நாட்டுக்கே மருந்து எழுதிவிட முடியாது.

எலி ஆய்வுகளை மனிதர்களுக்கு அப்படியே பொருத்துவதும் இதே வகை அவசரம்தான். பருத்த எலியின் குடல் பாக்டீரியாக்களைக் பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிக்குள் செலுத்தினால் அதுவும் பருக்கிறது. மனிதர்களில், ஒல்லியானவர்களின் மல நுண்ணுயிரிகளைப் பெற்றவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் சில வாரங்களுக்கு மேம்பட்டதே தவிர, எடை குறையவில்லை.

பாக்டீரியா உண்டாக்கும் பொருள்கள் எல்லாமே நன்மை தருபவை என்று எண்ணிவிடவும் கூடாது. சிவப்பு இறைச்சியில் உள்ள கார்னிட்டைனையும் முட்டையில் உள்ள கோலினையும் சில குடல் பாக்டீரியாக்கள் டி.எம்.ஏ. என்ற பொருளாக மாற்ற, கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ. ஆக்குகிறது. இரத்தத்தில் இது மிகுந்திருப்பவர்களுக்கு இதய நோய் வாய்ப்பும் அதிகமாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

மலப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துத் தனக்கான புரோபயாடிக்கைத் தேர்ந்தெடுப்பது இப்போது பரவிவரும் தவறான பழக்கம். குடலில் உண்டாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் உடலால் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. மலத்தில் வருவது மிச்சம் மட்டுமே. மலத்தில் அளவு குறைவு என்றால் உற்பத்தி குறைவு என்றும் கொள்ளலாம், உறிஞ்சுதல் சிறப்பு என்றும் கொள்ளலாம். 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள், உள்நோக்கிக் கருவி வழியாகக் குடற்சுவரிலிருந்தே மாதிரி எடுத்துப் பார்த்தபோது, சிலரது குடலில் புரோபயாடிக் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டன, சிலரது குடல் அவற்றை ஏற்கவே இல்லை. மலத்தை மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டறிய முடியவில்லை.

அதே குழுவின் மற்றோர் ஆய்வு ஆன்டிபயாடிக் குறித்தது. அம்மருந்தை உண்டபின் புரோபயாடிக் எடுத்தவர்களிடம், சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்புவது, எதையும் எடுக்காதவர்களைவிடத் தாமதமானது. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைச் சில திரிபுகள் குறைக்கலாம் என்பது தனி விஷயம். எனவே மருத்துவர் ஒரு காரணத்துக்காக எழுதித்தந்தால் எடுக்கலாம். வழக்கத்துக்காகக் கூடவே ஒரு புரோபயாடிக் அட்டையைச் சேர்த்து வாங்க வேண்டியதில்லை.

மிக ஆபத்தான தவறு, புரோபயாடிக்குகள் உணவுதானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்று நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு இவற்றை நம்புவதும், கடும் நோயாளிகளுக்குத் தாமாகக் கொடுப்பதும். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், புரோபயாடிக் பெற்ற 152 பேரில் 24 பேரும், பெறாத 144 பேரில் 9 பேரும் இறந்தனர். நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், இரத்தநாளத்தில் குழாய் பொருத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கு இந்த பாக்டீரியாக்கள் இரத்தத்தில் புகுந்து தொற்றாக மாறக்கூடும். குறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றைக் கொடுப்பதில் உயிராபத்து இருப்பதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-இல் மருத்துவர்களை எச்சரித்தது.