அமெரிக்கால லைப்ரரி கார்டு வெச்சு ஓசில படம் பாக்குறது எப்படி

இங்க வந்த புதுசுல மாசாமாசம் மூணு ஓடிடிக்கு காசு கட்டிட்டு, ஒரு மணி நேரம் ஸ்க்ரோல் பண்ணி "ஒண்ணுமே இல்லப்பா"ன்னு தூங்கிப்போற ஆளுதான் நானும். வீட்டுக்குப் பக்கத்துலயே பப்ளிக் லைப்ரரி, புக்கு மட்டும்தான் தருவாங்கன்னு நினைச்சு உள்ள எட்டியே பாக்கல. படமும் கிடைக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

முதல்ல கார்டு வாங்குங்க. போட்டோ ஐடியும், லீஸ் பேப்பர் இல்ல கரண்ட் பில்லு மாதிரி அட்ரஸ் ப்ரூஃபும் கொண்டுபோங்க, அந்த ஊர்க்காரங்களா இருந்தா பெரும்பாலும் ஃப்ரீதான். கூடவே ஒரு பின் நம்பர் இருக்கும், ஆப்ல நுழைய அது வேணும்.

ஆப்புன்னா கனோபி, ஹூப்லா, லைப்ரரி கார்டு வெச்சு ஃப்ரீயா படம் பாக்க விடுறது இவங்கதான். உங்க லைப்ரரி எதுல சேந்திருக்கோ அதுதான் ஓடும். கனோபில மாசத்துக்கு இத்தன டிக்கெட்டுன்னு கணக்கு, ஹூப்லால எடுத்த படம் 72 மணி நேரம் இருக்கும். நாம பாக்குறதுக்கு ஏத்த மாதிரி லைப்ரரிக்கு செலவு ஏறும், அதான் இந்த லிமிட்டு. 2019ல நியூயார்க் பப்ளிக் லைப்ரரியே செலவு தாங்காம கனோபிய நிறுத்துச்சுன்னா பாத்துக்கங்க. சும்மா பத்து நிமிஷம் ஓட்டிப் பாக்குற படத்துக்கு டிக்கெட்ட வீணாக்காதீங்க.

டிவிடி கதையே வேற. ஒரு தடவ வாங்கிட்டா எத்தன பேருக்கு வேணா கடன் குடுக்கலாம், சட்டமே அப்படி. நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பர்ல தபால்ல டிவிடி அனுப்புறத மூடினப்புறம் பழைய படத்துக்கு எனக்கு லைப்ரரிதான் கதி. உங்க கிளைல இல்லன்னா வெப்சைட்ல ஹோல்டு போடுங்க, வேற கிளைலேருந்து வரவெச்சு உங்களுக்காக ஸ்லிப் சொருகி தனியா எடுத்து வெச்சிருப்பாங்க. ப்ளேயர் இல்லையா, டிஸ்க் போடுற பிளேஸ்டேஷன் இருந்தா போதும். கவுன்ட்டர்லயே டப்பாவத் திறந்து கீறல் இருக்கான்னு பாத்துடுங்க, எனக்கு ஒரு தடவ கரெக்டா கிளைமாக்ஸ்ல வந்து நின்னுடுச்சு, இன்னைக்கு வரைக்கும் கொலகாரன் யாருன்னு தெரியாது.

சரி, எதப் பாக்குறது? ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருந்தா கண்ண மூடிட்டு சாப்ளினோட 'மாடர்ன் டைம்ஸ்' (1936) எடுங்க, இங்கிலீஷ் பிரச்சனையே இல்ல. அதுல சாப்பாடு ஊட்டுற மெஷின் ஒண்ணு கோளாறாகி சோளக்கதிர சாப்ளின் வாயில வெச்சு சர்ருன்னு சுத்தும் பாருங்க, எங்கப்பா அத ரிவைண்ட் பண்ணச் சொல்லி மூணு வாட்டி பாத்தாரு. பஸ்டர் கீட்டனோட 'தி ஜெனரல்' (1926) அடுத்தது, ரயில் துரத்தல் பசங்களுக்கும் பிடிக்கும்.

தனியா உக்காந்து பாக்க சத்யஜித் ரே அபுங்கிற பையனோட வாழ்க்கைய வெச்சு எடுத்த படங்கள் மூணு, 'பாதேர் பாஞ்சாலி'லேருந்து (1955) வரிசையா. இதோட ஒரிஜினல் நெகட்டிவ் 1993ல லண்டன் தீ விபத்துல மாட்டிக்கிச்சு, எரிஞ்சு மிஞ்சினத கஷ்டப்பட்டு சரி பண்ணிதான் கிரைட்டீரியன்னு பழைய நல்ல படங்கள டிஸ்க்கா போடுற கம்பெனி வழியா வந்துச்சு. கேட்டலாக்ல 'கிரைட்டீரியன்'னு தேடினாலே இந்த மாதிரி நல்ல பிரிண்ட்டா வந்து விழும். ஃபிரடெரிக் வைஸ்மனோட 'எக்ஸ் லிப்ரிஸ்' (2017) நியூயார்க் லைப்ரரியப் பத்தியே எடுத்த டாக்குமென்டரி, மூணேகால் மணி நேரம், லீவு நாள்ல பாருங்க.

திருப்பிக் குடுக்குறப்ப டிஸ்க் ப்ளேயருக்குள்ளயே இருக்கான்னு பாத்துட்டு போங்க. வெறும் டப்பாவ ட்ராப் பாக்ஸ்ல போட்டுட்டு வந்த புண்ணியவான் நான்தான், அதுவும் ரெண்டு தடவ.