ஞாயிறும் வேலை நாளாகிவிட்ட கோல்ஃப் வீரர் விசுவாசத்தில் நிலைத்திருக்க

கோல்ஃபைத் தொழிலாக எடுக்கும் விசுவாசிக்கு முதலில் வரும் சிக்கல் ஞாயிற்றுக்கிழமைதான். அமெரிக்காவின் முக்கியத் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் பெரும்பாலான போட்டிகள் வியாழனில் தொடங்கி ஞாயிறில் முடியும், வாரத்துக்கு ஒரு ஊர், நன்றாக ஆட ஆட ஞாயிறு ஆராதனை கைநழுவிக்கொண்டே போகும். அதனால் உங்கள் ஐக்கியத்தை வார நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டூரில் ஆட்டம் தொடங்குவதற்கு முன், வாரத்தின் நடுவில் ஒரு மாலை வேதபாடக் கூட்டம் நடக்கும். வீரர்கள், மனைவிமார், கேடிகள் (caddie, வீரரின் மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடக்கும் உதவியாளர்கள்) எல்லாரும் வருவார்கள். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் 1985ல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை ஜெயித்த கையோடு அடுத்த வாரமே, அடுத்த போட்டி நடந்த ஹில்டன் ஹெட்டில் சக வீரர் ஒருவர் கூப்பிட்டு அந்தக் கூட்டத்துக்குப் போனார். சிறு வயதில் கோயிலில் பீடப் பணி செய்த மனிதர், கையில் பட்டம், பணம், குடும்பம் எல்லாம் இருந்தும் உள்ளே ஏதோ வெறுமை. அவர் வாழ்க்கை திரும்பியது அங்கேதான். 1993ல் இரண்டாவது மாஸ்டர்ஸை ஜெயித்த நாள் ஈஸ்டர் ஞாயிறு, தன் கர்த்தர் உயிர்த்த நாளில் இது கிடைத்ததே என்று வெளிப்படையாகச் சொன்னார். எனவே ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் பயிற்சி நேரத்தைக் குறிக்கும்போதே அந்த மாலையையும் குறித்து வையுங்கள். களைப்பாக இருக்கிறது என்று ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரமும் விட்டுப்போகும்.

அப்புறம் கேடி. நாளுக்கு நாலைந்து மணி நேரம் பக்கத்திலேயே நடக்கிறவர், நீங்கள் கோபத்தில் என்ன பேசுகிறீர்கள் என்பது மனைவியைவிட அவருக்குத்தான் தெரியும். அமெரிக்க வீரர் ஸ்காட்டி ஷெஃப்லருக்கு அவருடைய கேடி டெட் ஸ்காட் பழக்கமானதே வேதபாடத்தில்தான்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது ஸ்கோர் கார்டு, அதாவது எத்தனை அடியில் ஆடி முடித்தீர்கள் என்ற கணக்கு. 2022 மாஸ்டர்ஸில் கடைசி நாள் காலை மூன்று ஷாட் (அடி) முன்னிலையில் இருந்த ஷெஃப்லர், இதற்கு நான் தயாரில்லை என்று அழுதிருக்கிறார். ஜெயித்தாலும் பத்து ஷாட்டில் தோற்றாலும் இயேசு உங்களை நேசிப்பதில் எதுவும் மாறாது என்று மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டுப் போய் ஆடினார், ஜெயித்தார். ஜெயித்ததை விடுங்கள், அந்தப் பேச்சு ஆட்டத்துக்கு முன்பே நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோற்ற பிறகு சொன்னால் அது வெறும் ஆறுதல். அந்த வார்த்தையை உங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா என்று இப்போதே பாருங்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையில், 1991ல் லாங்கர் கடைசி கிரீனில் (குழி இருக்கும் புல்தரை) ஆறடி தூரத்திலிருந்து பந்தைக் குழியில் போடத் தவறினார், ஐரோப்பா கோப்பையை இழந்தது. அதோடு உடைந்துபோகாமல் அடுத்த வாரமே ஜெர்மனியில் ஆடப் போய் ஜெயித்தார்.

பந்து குழியில் விழ வேண்டும் என்று ஜெபிக்காதீர்கள். எதிரில் நிற்பவரும் விசுவாசியாக இருக்கலாம். 2011ல் நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்க வீரர்கள் வெப் சிம்ப்சனும் பப்பா வாட்சனும் பிளே-ஆஃபில் (சமநிலையில் முடிந்தால் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டம்) மோதினார்களே, இருவருமே கிறிஸ்துவை அறிக்கை செய்கிறவர்கள். அந்தப் பிளே-ஆஃப் வந்ததற்கே சிம்ப்சனின் நேர்மை காரணம். 15வது கிரீனில் பந்து துளி அசைந்தது, தன்மேல் தானே ஒரு ஷாட் தண்டனை போட்டுக்கொண்டார், கடைசியில் தோற்றார். பேட்டியில் கர்த்தருக்கு நன்றி சொல்வது நல்லதுதான், ஆனால் சாட்சி என்று நான் நம்புவது இதை.

இன்னொன்று. முதல் இரண்டு சுற்றில் கட் (அடுத்த சுற்றுகளுக்குப் போகத் தேவையான ஸ்கோர்) தவறிவிட்டால் வெள்ளி மாலையே வேலை முடிந்துவிடும். மனம் நொந்து அன்றிரவே விமானம் ஏறத் தோன்றும். ஏறினாலும் சரி, அங்கேயே தங்கினாலும் சரி, அந்த ஞாயிறு உங்களுக்குக் கிடைத்துவிட்டது. பக்கத்துச் சபையில் ஆராதனை எத்தனை மணிக்கு என்று சனிக்கிழமையே விசாரித்து வையுங்கள்.