உள்நாட்டுப் போர்ச் சின்னங்கள்: பினாங்குக் காற்றில் பாழாக்கும் தவறுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) நடந்த நிலங்களில் தோண்டியெடுத்த தோட்டா, பொத்தான், இரும்புத் துண்டுகள் ஒன்றரை நூற்றாண்டு மண்ணில் தாக்குப்பிடித்தவை. பினாங்கு வீட்டு அலமாரியில் சில ஆண்டுகளிலேயே உதிரத் தொடங்கினால், பெரும்பாலும் வைத்தவர் கைங்கர்யம்தான்.

பித்தளைப் பொத்தானைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, இதில் மிஞ்சியிருக்கும் மெல்லிய தங்க முலாம் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, பல்குச்சியால் மண்ணைத் தள்ளினால் போதும்.

மினியே தோட்டா, அதாவது அந்தப் போரில் பரவலாகச் சுட்ட கூம்பு முனைத் துப்பாக்கித் தோட்டா, ஈயம். அதன்மேல் கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த சாம்பல் வெண்மை அதற்குக் காப்பு, சுரண்டக் கூடாது. விரலில் ஒட்டும் வெள்ளைத் தூள் வேறு, அது அரிப்பு. ஓக், பிளைவுட் போன்ற மரப்பெட்டிகள் விடும் அசிட்டிக் அமில ஆவிதான் வழக்கமான காரணம். கண்ணாடி மூட்டுக்குப் பூசும் காடி வாடை சிலிக்கோன் பசையும் அதே வேலையைச் செய்யும். அக்ரிலிக் பெட்டியில் பாலித்தீன் நுரை விரித்து வையுங்கள். தூளை ஊதாதீர்கள், நஞ்சு. கையுறையோடு ஈரத்துணியால் துடையுங்கள்.

இரும்பில்தான் பலரும் தோற்கிறார்கள். மண்ணிலிருந்து உள்ளே ஊறிய குளோரைடு உப்பை எடுக்காமல் வார்னிஷ் அடித்தால் துரு அடியில் வளர்ந்து ஓடாகப் பெயரும். காந்தம் நன்றாகப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிடிக்காவிட்டால் உள்ளே உலோகமே மிச்சமில்லை, மின்பகுப்பு (நீரில் மின்சாரம் செலுத்தித் துருவையும் குளோரைடையும் எடுக்கும் முறை) வேண்டாம். பிடித்தால் பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் நேர்த்திசை மின்சாரம் (DC). பொருள் எதிர்முனையில், சாதா இரும்புத் தகடு நேர்முனையில். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். எவர்சில்வர் தகடு வைத்தால் நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜனும் கிளம்புவதால் காற்றோட்டமான இடம் வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரைப் பலமுறை மாற்றி ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, மெழுகு பூசுங்கள். அதன்பிறகும் திறந்த அலமாரி கூடாது: இங்கே ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரப்பதமானி.

உடையாத பீரங்கிக் குண்டை மேற்சொன்ன எதற்கும் உட்படுத்தாதீர்கள். துளையிடவோ சூடாக்கவோ கூடாது. நனைந்த கருமருந்து காய்ந்தால் மறுபடி உயிர்பெறும். 2008-இல் வர்ஜீனியாவில், இத்தகைய குண்டுகளைச் செயலிழக்கச் செய்து பழகிய சேகரிப்பாளரே குண்டு வெடித்து இறந்தார். குண்டோ தோட்டாவோ, பணம் கட்டுமுன் மலேசியப் போலீசிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தோண்டியது என்ற சான்றில்லாத பொருளை வாங்காதீர்கள். கெட்டிஸ்பர்க் போன்ற தேசியப் பூங்கா நிலத்தில் தோண்டுவது அமெரிக்காவில் குற்றம். தனியார் நிலத்தின் பெயர், கண்டெடுத்த தேதி இரண்டையும் விற்பவரிடம் எழுதி வாங்கி, பொருளுக்கும் சீட்டுக்கும் ஒரே எண் இடுங்கள்.