மாடல் ரயிலோரம் ஒரு தண்ணீர் மில்

மாடல் ரயில் மேசையில் தண்ணீர் மில் (தண்ணீர் சுற்றும் சக்கரத்தால் மாவு அரைக்கும் மில்) வைப்பவர்கள் பெரும்பாலும் சக்கரத்தை மின்விசிறி மாதிரி ஓடவிடுகிறார்கள். மேலிருந்து தண்ணீர் விழும் 4 மீட்டர் நிஜச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் ஏழெட்டுச் சுற்றுதான் சுற்றும். மாடலுக்கும் அதே வேகம் போதும்.

நம்ம ஊர், அதாவது தென்னாப்பிரிக்காவின், ரயில்பாதை 1067 மி.மீ. அகலம். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தை வைத்துக்கொண்டு அதைக் காட்ட 1:64 அளவுதான் (நிஜத்தில் 64இல் ஒரு பங்கு) கிட்டத்தட்டப் பொருந்தும். டர்பன் சாட்ஸ்வர்த்தில் என் கராஜில் ஓடுவதும் அதுதான். அந்தக் கணக்கில் 4 மீட்டர் சக்கரத்தின் விட்டம் 62 மி.மீ. கேப் டவுன் நியூலேண்ட்ஸில் 1840இல் கட்டிய ஜோசஃபின் மில்லுக்கு இரும்புச் சக்கரம். அது மாதிரி வேண்டுமானால் பிளாஸ்டிக் தகடு வாங்குங்கள். என்னுடையது நேட்டால் பண்ணை மில், அதனால் மரம்.

1 மி.மீ. அட்டையில் இரண்டு வளையம், எட்டு ஆரக்கால். டர்பன் காற்றின் ஈரத்துக்கு அட்டை நெளிந்துவிடும். ஒட்டுவதற்கு முன்பே இரு பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். விளிம்பில் தண்ணீரைப் பிடிக்கும் வாளிகளுக்குக் காபி கலக்கும் மரக்குச்சி நல்லது. வினிகரில் ஸ்டீல் நாரை ஒரு ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைத் தடவினால் மழையில் கிடந்த பலகையின் சாம்பல் நிறம் வரும். பசை பட்ட இடத்தில் நிறம் ஏறாது, ஆகவே இதையும் ஒட்டுமுன் முடித்துவிடுங்கள்.

15 டிகிரிக்கு ஒன்றாக 24 வாளி. இங்கேதான் கவனம் வேண்டும். உச்சிக்கு வரும் வாளியின் வாய், தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்காலைப் பார்க்க வேண்டும். அதே வாளி இறங்கும்போது வாய் வானத்தைப் பார்க்கும். மாற்றி ஒட்டினால், விவரம் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

அச்சுக்கு 2 மி.மீ. பித்தளைக் கம்பி, சுவரில் அது சுழலப் பித்தளைக் குழாய்த் துண்டு. 6 வோல்ட்டில் நிமிடத்துக்கு 15 சுற்று போகும் என்20 என்ற சின்ன கியர் மோட்டாரை 3 வோல்ட்டில் ஓட்டினால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மோட்டாரையும் அச்சையும் சிலிக்கான் குழாயால் இணையுங்கள். கொஞ்சம் கோணல் இருந்தாலும் தாங்கும், சத்தமும் குறையும். மோட்டாருக்கு அடியில் ஸ்பாஞ்ச் வையுங்கள், இல்லாவிட்டால் பிளைவுட் முழுக்க உறுமும். கூரையை ஒட்டாதீர்கள், மோட்டாரை ஒருநாள் கழற்றத்தான் போகிறீர்கள்.

நிஜத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சொட்டு 1:64க்குச் சுருங்காது, பக்கத்தில் மின்சாரம் வேறு. கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளில் 5 மி.மீ. பட்டை வெட்டி, ஹேர் டிரையர் சூட்டில் முறுக்கி, அப்படியே ஆறவிடுங்கள். மரவாய்க்காலுக்குள் மேல்பாதி மட்டும் தெரியும்படி வைத்து இன்னொரு சின்ன மோட்டாரால் மெல்லச் சுழற்றினால் தண்ணீர் ஓடுவது போலவே இருக்கும். விழும் நீருக்கு பேக்கிங் பேப்பரில் நிறமில்லாத சிலிக்கானைப் பூசி, பல்குச்சியால் கோடு இழுத்து, மறுநாள் உரித்து, நுனியில் லேசாக வெள்ளை தொடுங்கள். வாளியை உரசாமல் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் ரயில் நிற்கும்போது மில்லும் நிற்கும். தனியாக இரண்டு பென்சில் பேட்டரி போதும், சரியாக 3 வோல்ட். லோட் ஷெட்டிங்கில் கரண்ட் போனாலும் மாவு அரையும்! அப்புறம், சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் பயப்படாதீர்கள், மோட்டாரின் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுங்கள்.